யானை ஓய்வு பெற்ற ஆண்டு

நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் விலங்குகள் எல்லாம் கிரிக்கெட் ஆடின, குழந்தைகளே! பொழுது போவதற்காக மட்டும் ஆடவில்லை. தண்ணீருக்காக ஆடின.

அது எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

அந்த நாவல்காட்டுக்கும் அக்கரையில் இருந்த மூங்கில்காட்டுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடியது. கோடையில் ஆறு வற்றிவிடும். பாறைகளுக்கு நடுவே ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீருக்காக இரு காட்டு விலங்குகளும் ஒரு காலத்தில் கடித்துக் குதறிக்கொண்டன. பிறகு சலித்துப்போய் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன.

கோடை பிறக்கும்போது இரு காடுகளும் ஒரு கிரிக்கெட் போட்டி ஆட வேண்டும். வென்ற காடு காலையிலும் மாலையிலும் தண்ணீர் குடிக்கலாம். தோற்ற காடு உச்சி வெயிலில்தான் மடுவுக்கு வர வேண்டும்.

பல ஆண்டுகளாக நாவல்காடே வென்றது. அதற்குக் காரணம் யானையும் சிறுத்தையும்தான். யானை மட்டையைச் சுழற்றினால் பந்து மரங்களைத் தாண்டிப் போய் விழும். சிறுத்தை பந்து வீசினால் குச்சிகள் பறக்கும் சத்தம்தான் கேட்கும். பந்து எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்த ஆண்டு, யானைக்கு முழங்கால் வீங்கிவிட்டது. சிறுத்தைக்குத் தோள் இறங்கிவிட்டது. இரண்டும் ஒரே வாரத்தில் ஓய்வு பெற்றுவிட்டன.

நாவல்காடு திகைத்தது. அணிக்குத் தலைமை ஏற்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் கீரி, "தலைவன் என்ன செய்ய வேண்டும்?" என்று ஒரு கேள்வி கேட்டது. கேட்டதுதான் தாமதம், எல்லாரும் அதையே தலைவன் ஆக்கிவிட்டார்கள்.

கீரிக்கு எதைப் பார்த்தாலும் கேள்விதான். மழை பெய்தால் ஏன் என்று கேட்கும். நின்றாலும் ஏன் என்று கேட்கும்.

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கரடியிடம் இருந்தது. கரடிக்குப் பிடிவாதம் அதிகம்.

"யானையைப் போல் ஒருவன் வேண்டும். சிறுத்தையைப் போல் ஒருவன் வேண்டும். அவ்வளவுதான்," என்றது கரடி.

"அவர்களைப் போலவே ஏன் வேண்டும், கரடியண்ணா?" என்று கேட்டது கீரி.

"இது என்ன கேள்வி? நமக்கு வென்று கொடுத்தது அவர்கள்தானே!"

கரடி காடு முழுவதும் தேடியது. காட்டுப்பன்றியைப் பார்த்ததும் அதன் முகம் மலர்ந்தது.

"உடம்பு கறுப்பு. வாயில் இரண்டு கொம்பு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் சின்ன யானையேதான்!" என்றது.

பிறகு முயலைப் பிடித்தது. "நீ வேகமாக ஓடுகிறாய். இன்றுமுதல் நீதான் சிறுத்தை."

பயிற்சி தொடங்கியது. பன்றி யானையைப் போல் அசைந்து அசைந்து நடக்கப் பழகியது. மட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கப் பழகியது. முயல், சிறுத்தை ஓடி வந்த அதே தூரத்திலிருந்து ஓடி வரப் பழகியது. ஓடும் முன் உறும வேண்டும் என்றும் கரடி கட்டளையிட்டது. முயல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உறுமியது. 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது.

"பரவாயில்லை, போகப் போகச் சரியாகிவிடும்," என்றது கரடி. மரங்கொத்தியை அழைத்து, "காற்று எட்டும் தூரமெல்லாம் அறிவித்துவிடு!" என்றும் சொன்னது.

மரங்கொத்தி ஒரு பொந்து மரத்தில் ஏறி டொக்டொக்கென்று கொட்டி முழங்கியது. "நாவல்காட்டில் இன்னொரு யானை தயார்! இன்னொரு சிறுத்தை தயார்!"

அந்த முழக்கம் ஆற்றைத் தாண்டி மூங்கில்காட்டுக்கும் கேட்டது.

பெரிய போட்டிக்கு முன் ஒரு சோதனை ஆட்டம் வைத்தார்கள். எதிரணி யார் தெரியுமா? நாவல்காட்டின் காட்டுக்கோழிகள்தான். கோழிகளை வெல்வது என்ன பெரிய காரியம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

பன்றி அசைந்து அசைந்து வந்தது. மட்டையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றியது. பந்து ஒரு பக்கம் போனது, மட்டை ஒரு பக்கம் போனது, பன்றி சுழன்று குச்சிகள்மேலேயே விழுந்தது.

முயல் உறுமிவிட்டு, வெகு தூரத்திலிருந்து ஓடி வந்தது. வந்து சேர்வதற்குள் மூச்சு முட்டிவிட்டது. பந்தை விட்டது, அது முயலின் காலடியிலேயே விழுந்து உருண்டது. ஒரு கோழி நிதானமாக நடந்து வந்து அதை எல்லைக்கு அடித்துவிட்டுப் போனது.

காட்டுக்கோழிகள் வென்றுவிட்டன.

"இதுவா யானை? எலி இதைவிட நன்றாக அடிக்கும்!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பன்றி தலையைக் குனிந்துகொண்டு புதருக்குள் போய்விட்டது.

மிளா மான் ஒன்று மட்டும் சிரிக்கவில்லை. அதன் கன்று அப்போதுதான் பிறந்து நிற்கப் பழகியிருந்தது.

"என் கன்றின் குளம்பு இன்னும் முற்றவே இல்லை," என்றது மிளா. "நாம் தோற்றுவிட்டால், உச்சி வெயிலில் அந்தப் பாறைமேல் இது எப்படி நடந்து வரும்?"

கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

எல்லாரும் யானையிடம் ஓடினார்கள். "இந்த ஒரே ஒரு போட்டிக்கு வந்துவிடுங்கள்!" என்று கெஞ்சினார்கள்.

"கெஞ்ச வேண்டுமா? மட்டையைக் கொண்டு வாருங்கள்," என்று யானை எழுந்தது. மட்டையைத் துதிக்கையில் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றியது. முழங்கால் மடிந்தது. தரை அதிர யானை உட்கார்ந்துவிட்டது. 

"மனம் வருகிறேன் என்கிறது. கால் வரமாட்டேன் என்கிறது," என்று சொல்லி மட்டையைக் கீரியிடம் நீட்டியது.

மற்றவர்கள் வாடிய முகத்தோடு திரும்பினார்கள். கீரிக்கு மட்டும் வேறொரு யோசனை ஓடியது.

'நாம் இங்கே அழுதுகொண்டிருக்கிறோம். அக்கரையில் அவர்கள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள்?'

கேள்வி வந்துவிட்டால் கீரிக்கு இருப்புக் கொள்ளாது. மறுநாள் விடிந்ததும் ஆற்று மணலைக் கடந்து போய், மூங்கில்காட்டு நாணலுக்குள் பதுங்கிக்கொண்டு பார்த்தது.

அங்கே மூங்கில்காட்டு அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. அதன் தலைவன் செந்நாய். எதையும் முன்கூட்டியே திட்டமிடுவதில் செந்நாயை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த அணியின் மான்கள் எல்லாம் மைதானத்தின் கடைக்கோடியில், எல்லையை ஒட்டி நின்றன. உயரத்திலிருந்து விழும் பந்துகளைப் பிடித்துப் பழகின. இன்னொரு பக்கம், ஒரு குரங்கு பாறைமேல் நின்று பந்தை முழு வேகத்தில் கீழே எறிந்தது. காட்டெருது அதை அடித்துப் பழகியது. பந்து குரங்கின் கையை விடும்போதே காட்டெருது மட்டையை வீசிவிட்டது. பந்து வரும்வரை அது காத்திருக்கவே இல்லை.

"அப்படித்தான்!" என்றது செந்நாய். "இன்னொரு யானை வருகிறதாம். இன்னொரு சிறுத்தை வருகிறதாம். வரட்டும்! அந்த ஆட்டம் நமக்கு மனப்பாடம்."

கீரி நாணலுக்குள்ளே கண்ணை விரித்தது.

'அவர்கள் நம் பழைய அணியோடு ஆடத் தயாராகிறார்கள். நாமும் நம் பழைய அணியாக மாறத் தயாராகிறோம். அப்படியானால் நம் புதிய அணியைப் பற்றி யாருக்குத்தான் தெரியும்? எனக்குத் தெரியுமா?'

தெரியாது என்று அப்போதுதான் அதற்கு உறைத்தது. ஒரே ஓட்டமாகக் காட்டுக்குத் திரும்பியது.

புதருக்குள்ளே பன்றி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது.

"பன்றியண்ணா, என்ன செய்கிறீர்கள்?"

"பார்த்தால் தெரியவில்லையா? கிழங்கு தோண்டுகிறேன். இது ஒன்றாவது எனக்கு வரும்," என்றது பன்றி, முகத்தைத் தூக்காமலே.

"எப்படித் தோண்டுவீர்கள்?"

பன்றி நிமிர்ந்து பார்த்தது. அதுவரை அந்தக் கேள்வியை அதனிடம் யாரும் கேட்டதில்லை.

"என்ன கேட்டாய்?"

"எப்படித் தோண்டுவீர்கள் என்று கேட்டேன். சொல்லுங்கள் அண்ணா, எனக்குத் தெரியாது."

"அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தலையைத் தூக்கக் கூடாது. கண் மண்மேலேயே இருக்க வேண்டும். குறுக்கே கல் இருந்தால் அதில் போய் முட்டக் கூடாது. பக்கத்தில் எங்கே மண் இளகியிருக்கிறதோ அந்த வழியாகத் தள்ளிவிட வேண்டும்."

கீரி ஒரு பந்தைத் தரையோடு உருட்டிவிட்டது. "இதையும் அப்படியே தள்ளுங்கள் பார்க்கலாம்!"

பன்றி தலையைக் குனிந்தபடியே, மட்டையால் பந்தை ஒரு தள்ளுத் தள்ளியது. இரண்டு புதர்களுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி இருந்தது. பந்து அதற்குள் புகுந்து புல்லைச் சீவிக்கொண்டு ஓடியது. பன்றியும் தன்னை மறந்து அதன் பின்னாலேயே ஓடியது. பன்றி ஓடினால் எப்படி ஓடும் தெரியுமல்லவா? நேரே ஒரே பாய்ச்சல்!

"இன்னொரு பந்து போடு!" என்று கத்தியது பன்றி. சோதனை ஆட்டத்துக்குப் பிறகு அதன் வால் அன்றுதான் ஆடியது.

அடுத்து கீரி முயலைத் தேடிப் போனது.

"தம்பி, உன்னை யாராவது துரத்தினால் என்ன செய்வாய்?"

"நேராக ஓடுவதுபோல் ஓடுவேன். கிட்டே வந்துவிட்டார்கள் என்றால் சட்டென்று வெட்டித் திரும்பிவிடுவேன். அவர்கள் நேரே போய்ப் புதரில் விழுவார்கள்," என்றது முயல்.

"பந்தையும் அப்படித் திரும்ப வைக்க முடியுமா?"

முயல் காதை நிமிர்த்தியது. "தெரியாதே! முடியுமா?"

"எனக்கும் தெரியாது. செய்து பார்ப்போம்."

இரண்டும் செய்து பார்த்தன. முயல் பாதத்தைத் திருகி வீசிய முதல் பந்து முள்செடியில் விழுந்தது. அடுத்தது புற்றுக்குள் போனது. இன்னொன்று, அந்தப் பக்கமாக வந்த கரடியின் மூக்கில் பட்டது. முயல் விடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒரு பந்து மெதுவாக மிதந்து வந்து தரையில் குத்தியது. அங்கிருந்து சட்டென்று வெட்டித் திரும்பிக் குச்சியைத் தட்டியது.

முயல் ஆனந்தத்தில் குட்டிக்கரணம் போட்டது.

கரடி மூக்கைத் தடவிக்கொண்டே முறைத்தது. "இது சிறுத்தையின் பந்தே இல்லையே!"

"இல்லை அண்ணா."

"பன்றி அடிப்பதும் யானையின் அடி இல்லையே!"

"அதுவும் இல்லை."

"அப்படியானால் மரங்கொத்தியின் அறிவிப்பை நிறுத்தச் சொல்ல வேண்டுமே. பொய்யாகிவிட்டதே!"

கீரியின் கண்கள் மின்னின. "கரடியண்ணா, நீங்கள் சொல்லிக் கொடுத்ததைப் பன்றியண்ணாவும் முயலும் மறக்கவில்லை. மைதானத்துக்குள் அந்த நடையும் அந்த உறுமலும் அப்படியே இருக்கட்டும். மற்றதைப் பிறகு பார்க்கலாம்."

போட்டி நாளும் வந்தது. வறண்ட ஆற்று மணல்தான் மைதானம். இரு கரையிலும் விலங்குகள் கூடியிருந்தன. யானையும் சிறுத்தையும் நாவல் மர நிழலில் அமர்ந்திருந்தன. நடுவராக ஆமை வந்து நின்றது. அணிக்குப் பத்து ஓவர் என்று ஆமை அறிவித்தது.

நாவல்காடு முதலில் மட்டை பிடித்தது. பன்றி அசைந்து அசைந்து நடந்து வந்து, மட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"வந்துவிட்டது புதிய யானை! எல்லாரும் எல்லைக்குப் போங்கள்!" என்று செந்நாய் கட்டளையிட்டது. மான்கள் எல்லாம் கடைக்கோடிக்கு ஓடின.

பந்து வந்தது. பன்றி தூக்கிய மட்டையைச் சட்டென்று இறக்கியது. தலையைக் குனிந்து, பந்தை ஒரு தள்ளுத் தள்ளியது. பந்து உருண்டது. அருகே தடுக்க ஒருவரும் இல்லை. எல்லையிலிருந்து மான் ஓடி வந்து எடுப்பதற்குள், பன்றியும் மறுமுனையில் இருந்த கீரியும் இரண்டு ஓட்டம் ஓடிவிட்டன.

"கை தவறிப் பட்டிருக்கும். அடுத்தது பெரிய அடிதான்! அங்கேயே நில்லுங்கள்!" என்றது செந்நாய்.

அடுத்ததும் தள்ளல்தான். அதற்கடுத்ததும் அப்படியே. பன்றி மட்டையைத் தூக்கும்போதெல்லாம் மான்கள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தன. பந்து அவற்றின் காலடியில் மணலோடு மணலாக ஓடியது.

பாதி ஆட்டம் போனபிறகுதான் செந்நாய்க்குப் புரிந்தது. "கிட்டே வாருங்கள், கிட்டே!" என்று கத்தியது. மான்கள் நெருங்கி வந்தன. அதன்பின் ஓட்டம் எடுப்பது கடினமானது. கீரி பிடிபட்டு வெளியேறியது. பன்றியும் ஓடி ஓடிக் களைத்து ஆட்டமிழந்தது. ஆனால் அதற்குள் நாவல்காடு எழுபது ஓட்டம் சேர்த்துவிட்டது.

கூட்டத்தில் இந்த முறை யாரும் எலி என்று கத்தவில்லை.

மூங்கில்காட்டின் முறை வந்தது. காட்டெருது மட்டையோடு வந்து நின்றது. முயல் வெகு தூரம் போய்த் திரும்பி நின்றது. உறுமியது. 'கீச்'சென்று வந்தாலும் காட்டெருதுக்கு அது சிறுத்தையின் உறுமலாகவே கேட்டது. எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர் காதில் எதிர்பார்த்ததுதானே விழும்!

முயல் புழுதி பறக்க ஓடி வந்தது. காட்டெருது பல்லைக் கடித்துக்கொண்டு மட்டையை வீசியது. ஆனால் பந்து அப்போதுதான் பாதி வழியில் மிதந்துகொண்டிருந்தது. மட்டை போய்விட்டது, பந்து ஆற அமர வந்து, குத்தி, திரும்பி, குச்சியைத் தட்டியது.

ஆமை நிதானமாகக் கையை உயர்த்தியது. அது முழுதாக உயர்வதற்குள் காட்டெருது பாதி தூரம் நடந்து போய்விட்டது.

அடுத்து வந்த குரங்கும் அப்படியே போனது. ஒரு மான் மட்டையில் தொட்டுவிட்டது; குச்சிகளுக்குப் பின்னால் நின்ற உடும்பு அதைப் பிடித்துக்கொண்டது. உடும்பு பிடித்தால் விடுமா?

பிறகு செந்நாய் தானே மட்டையை எடுத்துக்கொண்டு வந்தது. அது காட்டெருதைப் போல் அவசரப்படவில்லை. முயலின் ஓட்டத்தைப் பார்க்கவில்லை, உறுமலைக் கேட்கவில்லை. பந்தை மட்டும் பார்த்தது. அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமாகவே அடித்தது. ஓட்டம் மளமளவென்று ஏறியது.

நாவல்காட்டுக் கரையில் மிளா தன் கன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டது.

கடைசிப் பந்து. மூங்கில்காட்டுக்கு இன்னும் இரண்டு ஓட்டம் வேண்டும். செந்நாய் எதிரே நிற்கிறது.

முயல் பந்தைப் பிடித்துக்கொண்டு கீரியைப் பார்த்தது. "அண்ணா, அது என் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டது. இனி என்ன செய்வேன்? சிறுத்தையண்ணா இருந்தால் வேகமாக வீசியிருப்பாரே!"

கீரி அதன் அருகில் வந்து, "நீ எந்தப் பக்கம் திரும்புவாய் என்று துரத்துகிறவன் கண்டுபிடித்துவிட்டால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டது.

முயல் கொஞ்சம் யோசித்தது. அதன் காது நிமிர்ந்தது.

"திரும்ப மாட்டேன், அண்ணா," என்றது.

"அப்புறம் என்ன?" என்று கீரி தன் இடத்துக்குப் போய்விட்டது.

முயல் இந்த முறை தூரமாகப் போகவில்லை; உறுமவும் இல்லை. நாலு எட்டு ஓடி வந்து பந்தை விட்டது. பந்து மிதந்து வந்து தரையில் குத்தியது. செந்நாய் அது திரும்பும் பக்கமாகக் காலை நகர்த்தி மட்டையை வீசியது.

பந்து திரும்பவில்லை. நேராகப் போய் நடுக் குச்சியைச் சாய்த்தது.

நாவல்காடு ஆர்ப்பரித்தது. யானை துதிக்கையைத் தூக்கிப் பிளிறியது. சிறுத்தை முயலிடம் வந்து, "அந்தப் பந்தை எப்படித் திருப்புகிறாய்? எனக்கும் காட்டேன்!" என்று கேட்டது. கரடி பன்றியைக் கட்டிக்கொண்டது. இந்த முறை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கவில்லை.

மறுநாள் காலை, பாறை குளிர்ந்திருந்த வேளையில் மிளாவும் கன்றும் மடுவில் தண்ணீர் குடித்தன.

செந்நாய் அக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கீரியைக் கண்டதும் அதற்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கீரி, உண்மையைச் சொல். அடுத்த ஆண்டு உங்கள் அணி எப்படி ஆடும்?"

"எனக்குத் தெரியாது," என்றது கீரி.

"எங்களிடம் மறைக்கிறாய்!"

"மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு யார் யார் ஆட வருவார்களோ! வந்தபிறகு அவர்களைத்தான் கேட்க வேண்டும்," என்று சொல்லிவிட்டுக் கீரி குனிந்து தண்ணீர் குடித்தது.

நீதி: சென்றவரின் சாயலைத் தேடி அலையாதே, இருப்பவரின் திறமை எது என்று கேட்டறி.